கால்களை மட்டும் அளக்கவில்லை

அளக்காமல் ஒரு காரியத்தைச் செய்கிறவர்களால் பெரிய ஆபத்து எதுவும் வந்துவிடாது. அவர்கள் உள்ளுக்குள் கொஞ்சம் பயந்துகொண்டேதான் செய்வார்கள். இடிக்கும்போலத் தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள். அளந்துவிட்டுச் செய்கிறவர்கள்தான் ஆபத்தானவர்கள். இடித்த பிறகும், "அதெல்லாம் இடிக்காது" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நான் இரண்டாவது ரகம். போதாக்குறைக்குக் கணக்கு டீச்சர். குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அளவியல் நடத்துகிறேன். உருளை, கூம்பு, அரைக்கோளம், தலை சீவிய கூம்பான இடைக்கண்டம் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. (இடைக்கண்டத்தின் கன அளவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவளுக்கு, வாழ்க்கையில் ஒரு தடவையாவது இதெல்லாம் உபயோகப்படாதா என்று ஓர் ஏக்கம் இருக்கும். எனக்கும் இருந்தது.)

எங்கள் வீடு சேலையூரில். என் கணவர் அருளுக்குத் தீயணைப்பு சிலிண்டர் தொழில். தொழிற்சாலைச் சுவர்களில் தொங்கும் சிவப்பு சிலிண்டர்களைக் கழற்றி வந்து, நிரப்பி, திரும்பக் கொண்டுபோய் மாட்டுவார். ஜி.எஸ்.டி. ரோடு நெடுக அவருக்கு வாடிக்கையாளர்கள். அதற்காகத்தான் அந்தப் பிக்கப் வண்டியை வாங்கினார். நான்கு கதவு, பின்னால் திறந்த தொட்டி, இரண்டு பக்கமும் புடைத்த மட்கார்டு. அது தெருவுக்குள் நுழைந்தால் எதிரே வருகிற ஆட்டோ, யாருடைய வீட்டு கேட்டுக்குள்ளாவது ஒதுங்க வேண்டும். அவ்வளவு அகலம்.

போன வருடம் ஒருநாள் அருள் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து திரும்பி வந்து, போனில் ஒரு படத்தைக் காட்டினார். அங்கே அவருடைய வாடிக்கையாளர் தனசேகர் சாருக்கு ஒரு தொழிற்கூடம் இருக்கிறது. படத்தில், அந்தத் தொழிற்கூடத்தின் மூலையில், நான்கு இரும்புக் கால்களில் ஒரு குட்டி வீடு நின்றுகொண்டிருந்தது. வெளிறிய வெள்ளைத் தகடு, நடுவில் ஒரு பச்சைப் பட்டை, பக்கத்துக்கு ஒரு ஜன்னல், பின்னால் ஒரு கதவு. முன்பக்கம் மட்டும் நெற்றிபோல நீட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்குப் பேரு கேம்பராம். பிக்கப் மேல தூக்கி வச்சுட்டு ஊர் ஊராப் போலாம். அந்த நெத்திக்குள்ள படுக்கை இருக்கு. ஸ்டவ் இருக்கு, சிங்க் இருக்கு" என்றார்.

தனசேகர் சாரின் அப்பா காலத்தில், மெஷின் பொருத்த வந்த ஒரு வெளிநாட்டு இன்ஜினீயர் தன் வண்டியோடு கப்பலில் கொண்டுவந்ததாம். அவர் ஊருக்குப் போய்விட்டார். வண்டி துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. வீடு மட்டும் மிஞ்சிவிட்டது. இப்போது அந்த இடத்தில் கான்கிரீட் போடப் போகிறார்கள். "எனக்கு ஒண்ணும் வேணாம், சும்மா எடுத்துட்டுப் போங்க. ஆனா திங்கக்கிழமை கலவை வண்டி வந்துடும். ஞாயித்துக்கிழமைக்குள்ள எடுத்துடணும்" என்று சொல்லியிருக்கிறார்.

நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் பக்கத்தில் மாமா இருந்தார்.

என் மாமனார் சாமுவேல், ரயில்வே பார்சல் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரான் சாமான்களை எல்லாம் இந்தியா முழுக்க அனுப்பிவைத்தவர், தான் மட்டும் செங்கல்பட்டைத் தாண்டியது அபூர்வம். காரணம் என் அத்தை. அத்தைக்கு அடுத்தவர் பாத்திரத்தில் சமைத்தது இறங்காது. அடுத்தவர் தலையணையில் தூக்கம் வராது. லாட்ஜ் என்ற வார்த்தையைக் கேட்டாலே மூக்கைப் பொத்திக்கொள்வார். அத்தை இல்லாமல் மாமா எங்கும் போக மாட்டார். ஆகவே இருவரும் வீட்டில் இருந்தார்கள்.

மாமா போனை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி, படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "எலிசபெத், உன் குக்கரையே எடுத்துட்டு வரலாம்" என்றார்.

அத்தை வெளியே வந்து படத்தைப் பார்த்தார். "தலகாணியும் நம்மளுதா?" என்று கேட்டார்.

அதற்குமேல் யார் வேண்டாம் என்று சொல்வது.

விஷயம் அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அன்றைக்குச் சாயங்காலமே மாமா சர்ச்சுக்குப் போய், வீட்டோடு ஏலகிரி போகப்போவதாகப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டார். போதகரும் சந்தோஷப்பட்டு, "ஞாயிறு அஞ்சு மணிக்கு வண்டிய இங்க கொண்டாங்க, எல்லாருமா ஜெபம் பண்ணி அனுப்பி வைப்போம்" என்று சொல்லிவிட்டார். வீடு இன்னும் சிங்கப்பெருமாள் கோவிலில் கால் ஊன்றி நிற்கிறது. அதற்குள் தாம்பரத்தில் அதற்கு ஜெபக் கூட்டம் நிச்சயமாகிவிட்டது.

சனிக்கிழமை நான் இஞ்ச் டேப்போடு கிளம்பினேன். வீட்டின் கீழ்ப்பாகம் ஒடுக்கமான பெட்டி. அதுதான் வண்டியின் தொட்டிக்குள் இறங்க வேண்டும். மேல்பாகம் அகலமாக, தொட்டியின் சுவர்களுக்கு மேலே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். நான் பெட்டியின் நீளத்தை அளந்தேன், அகலத்தை அளந்தேன், உயரத்தை அளந்தேன். தொட்டியின் உள்ளே ஏறி, சக்கரங்களுக்கு மேலே இருக்கும் மேடுகளுக்கு இடையில் அளந்தேன். முன்னால் நீட்டிய நெற்றி டிரைவர் கேபினின் கூரையில் இடிக்குமா என்று அளந்தேன். வீட்டுக்கு வந்து, மூன்று கலர் பேனாவில், முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் எல்லாம் வரைந்தேன். எல்லாப் பக்கமும் கச்சிதமாக ஓர் அங்குலம் மிச்சம்.

"எல்லாத்தையும் அளந்துட்டியா?" என்று அருள் கேட்டார்.

"ஏங்க, நான் பத்தாவதுக்கு அளவியல் எடுக்கறவ."

அவர் கயிறு தேடப் போய்விட்டார். (கல்யாணமானதிலிருந்து அந்த ஒரு வாக்கியத்துக்கு அவரிடம் பதில் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது.)

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். மாமா வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு, தோளில் பை. பைக்குள் ஒரு ஃபிளாஸ்க்கும் ஒரு தலையணையும் இருந்தன. "இன்னிக்கு எடுத்துட்டு மட்டும்தான் வரப்போறோம் மாமா" என்றேன். "தெரியும்மா, சும்மா இருக்கட்டும்" என்றார்.

தொழிற்கூடத்தில் தனசேகர் சார் நின்றிருந்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டில்லியையும் லீவு நாளில் வரச் சொல்லியிருந்தார். டில்லி ஒல்லியாக, யார் எதைச் சொன்னாலும் "செஞ்சிரலாம்" என்று சொல்கிற மனிதர்.

ஏற்றுகிற முறை ரொம்ப எளிது. வீடு நான்கு கால்களில் உயரமாக நிற்கிறது. வண்டி அப்படியே பின்னால் வந்து, அந்தக் கால்களுக்கு நடுவே வீட்டின் அடியில் நுழைய வேண்டும். பிறகு கால்களிலுள்ள கைப்பிடியைச் சுற்றி வீட்டை இறக்கிவிட்டால், தொட்டிக்குள் உட்கார்ந்துவிடும். அருள் ரிவர்ஸ் எடுத்தார். நான் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நின்று, "வாங்க, வாங்க, நேரா வாங்க" என்றேன்.

டில்லி தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தார். "யக்கா, வண்டி செம அகலமா கீது. அந்த ரெண்டு காலுக்கு நடுவுல எப்டி பூரும்?"

"நேத்தே அளந்தாச்சுப்பா."

"அளந்தாச்சா? அப்ப செஞ்சிரலாம்" என்று அவர் நகர்ந்துகொண்டார்.

"வாங்க, வாங்க" என்றேன் நான்.

டங் என்று ஒரு சத்தம். ஒன்றல்ல, இரண்டு, ஆனால் ஒரே நேரத்தில். இடது மட்கார்டு இடது காலிலும் வலது மட்கார்டு வலது காலிலும் போய் முட்டிக்கொண்டு நின்றன. வீடு ஒருமுறை சிலிர்த்துக்கொண்டது. கூரையிலிருந்து ஒரு புறா எழுந்து போனது.

நான் படத்தைப் பார்த்தேன். தொட்டியின் உள்பக்கம் இருந்தது. பெட்டியின் வெளிப்பக்கம் இருந்தது. வண்டியின் வெளிப்பக்கம் இல்லை. கால்கள் இல்லை. மூன்று தோற்றத்திலும் என் வீடு ஆகாயத்தில் மிதந்துகொண்டிருந்தது. அந்த இன்ஜினீயருடைய வண்டி மெலிந்த காலத்து வண்டி; அதன் தோளுக்குத் தகுந்த அளவில் கால்களை வைத்திருக்கிறார்கள். எங்கள் வண்டி நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த வண்டி.

அருள் இறங்கி வந்து, இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இடிச்சிருக்கு. சென்டர் கரெக்டா இருக்கு ஸ்டெல்லா" என்றார். அந்த ஒரு பாராட்டைத்தான் அன்றைக்கு நான் வாங்கினேன்.

"மேடம் கணக்கு டீச்சர்னு சொன்னீங்களே" என்றார் தனசேகர் சார், மிகவும் மரியாதையாக.

மாமா வீட்டை ஒருமுறை பார்த்தார். பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். திரும்பவும் தோளில் மாட்டிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போதுதான் டில்லி முன்னால் வந்தார். "இதுக்கு ஏன் பேஜாராவணும்? கால்தானே தொல்ல. கால எட்த்துட்டா?"

ஃபோர்க்லிஃப்டின் இரண்டு கரங்களைப் பின்பக்கமாக வீட்டின் அடியில் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொள்வது; துருப்பிடித்த கால்களை கேஸ் கட்டர் வைத்து அறுத்துவிடுவது; வண்டியை உள்ளே விட்டு இறக்கிவிடுவது. திட்டம் அற்புதமாக இருந்தது. ஏற்றிய வீட்டைப் பிறகு எப்படி இறக்குவது என்று அங்கே இருந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கணக்கு டீச்சர் உள்பட.

கால்கள் போயின. வீடு மெதுவாக இறங்கியது. ஃபோர்க்லிஃப்டின் கரங்களை உருவ இடம் வேண்டுமே என்று டில்லி தொட்டிக்குள் மரக்கட்டைகளைப் போட்டிருந்தார். இடது பக்கம் ஏதோ மெஷின் வந்த பெட்டியின் கட்டை, வலது பக்கம் கையில் கிடைத்த வேறு கட்டை. வீடு உட்கார்ந்தது. எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் மிச்சம்.

"பாத்தீங்களா, ஒரு இஞ்ச்" என்றேன். யாரும் பார்க்கவில்லை. கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. மறைமலை நகரில் பைக்கில் போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வண்டலூர் சிக்னலில் ஒரு பெரியவர் எங்கள் ஜன்னலைத் தட்டி, "இலவசமா சுகர் பாக்கறீங்களாம்மா? நான் இன்னும் சாப்பிடல" என்றார். மருத்துவ முகாம் வண்டி என்று நினைத்துவிட்டார். இல்லை என்று சொல்லவே கஷ்டமாக இருந்தது. மாமா தலையை நீட்டி, "இது எங்க வீடுங்க" என்றார். அந்தப் பெரியவர் அதை நம்பவில்லை.

அஞ்சு மணிக்கு சர்ச் வளாகத்தில் நல்ல கூட்டம். அத்தை முன்வரிசையில் குக்கரோடு நின்றார். (ஜெபத்தில் குக்கரும் சேர வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.) பெண்கள் ஐக்கியத்தார் டீயும் பஜ்ஜியும் வைத்திருந்தார்கள்.

"ஐயா, நீங்க உள்ள ஏறி ஜன்னல் பக்கம் உக்காருங்க. எல்லாரும் பாக்கட்டும்" என்றார் போதகர். அருள் பின்கதவைத் திறந்தார். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, இழுத்ததும் வந்துவிட்டது. மாமா பையோடு ஏறினார். போட்டோவுக்காக அருள் கதவை அழுத்தி மூடினார். ஜன்னலில் மாமாவின் முகம் தெரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். போதகர் கண்ணை மூடிக்கொண்டார்.

நல்ல நீளமான ஜெபம். சக்கரங்களுக்காக, பிரேக்குக்காக, மலைப்பாதைக்காக எல்லாம் வேண்டிவிட்டு, "இந்தக் குடும்பத்துக்கு முன்னால் எல்லாக் கதவுகளையும் திறந்தருளும்" என்றார்.

உள்ளேயிருந்து தட்தட்தட் என்று கேட்டது.

"ஆமென்" என்றார்கள் எல்லாரும்.

திரும்பவும் தட்தட்தட். ஜன்னலில் மாமாவின் முகம். "அருள், கதவு வரலடா."

அருள் இழுத்தார். போதகர் இழுத்தார். சர்ச் செயலாளர் ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுவந்து நெம்பினார், அது வளைந்தது. அப்போதுதான் அருள் குனிந்து கட்டைகளைப் பார்த்தார். இடது பக்கக் கட்டை தடிமன், வலது பக்கக் கட்டை சன்னம். வீடு முழுக்க லேசாக முறுக்கிக்கொண்டு, கதவுச் சட்டம் செவ்வகமாக இல்லாமல் இணைகரமாகிவிட்டிருந்தது. (இணைகரத்தின் பரப்பளவு அடிப்பக்கம் பெருக்கல் உயரம். அதை அந்த இடத்தில் யாரிடமும் நான் சொல்லவில்லை.)

"வீட்ட எறக்கிட்டா சரியாயிடும்" என்றார் செயலாளர்.

"எறக்க முடியாது. கால அறுத்துட்டோம்" என்றார் அருள்.

"ஏன் அறுத்தீங்க?"

அருள் என்னைப் பார்த்தார். கூட்டமும் என்னைப் பார்த்தது. கூட்டத்தில் என் வகுப்பு மாணவிகள் இருவரின் அம்மாக்களும் இருந்தார்கள். "கால அளக்க மறந்துட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் பின்வரிசை வரைக்கும் கேட்டிருக்கிறது.

அத்தை ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். "உள்ள மூச்சு விட முடியுதா?"

"நல்லா காத்து வருது. அந்த பஜ்ஜி சூடா இருக்கா பாரு."

வலைக் கதவை நகர்த்தி, ஜன்னல் வழியாக ஒரு தட்டு உள்ளே போனது. பிறகு டீ போனது. மாமா ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் பேச ஆரம்பித்தார். ஸ்டேஷனில் நின்ற ரயிலில் உட்கார்ந்திருப்பவர் போலவே இருந்தார். வாழ்நாளெல்லாம் பிளாட்பாரத்தில் நின்றவருக்கு இப்போதுதான் ஜன்னல் சீட் கிடைத்திருக்கிறது. யாரோ பழம் கொடுத்தார்கள். யாரோ வெந்நீர் கொடுத்தார்கள். நான் ஜன்னலுக்குப் போய், "மன்னிச்சிருங்க மாமா" என்றேன்.

"எதுக்கும்மா? தலகாணி எடுத்துட்டு வந்தது நல்லதாப் போச்சு" என்றார்.

கடைசியில் இரும்புலியூரில் அருளுக்குத் தெரிந்த ஒரு வெல்டிங் கடைக்கு மாமாவோடேயே போவது என்று முடிவானது. அருள் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். நானும் அத்தையும் முன்னால் உட்கார்ந்திருந்தோம். மெயின் ரோட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேகத்தடை. முன்சக்கரம் ஏறியது, இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கும்போது, ஒரு கட்டை நழுவியிருக்க வேண்டும். வீடு முழுக்கப் பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம்.

பின்னால் வந்த மாநகரப் பேருந்து ஹாரன் அடித்தது. நிறுத்தாமல் அடித்தது. அருள் வண்டியை ஓரங்கட்டினார். நாங்கள் இறங்கி ஓடினோம்.

கதவு அகலத் திறந்து ஆடிக்கொண்டிருந்தது. வாசலுக்கு நேரே, மடக்கு மேஜைக்குப் பின்னால், கையில் டீக் கோப்பையோடு மாமா உட்கார்ந்திருந்தார். பேருந்தின் முன்கண்ணாடி முழுக்க மனிதத் தலைகள். டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "பெருசு, கதவ மூடிகினு டீ குடிக்கக் கூடாதா?" என்றார்.

மாமா எங்களைப் பார்த்தார். "ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார்.

அத்தைக்கு முதலில் சிரிப்பு வந்தது. நடுரோட்டில் குக்கரை அணைத்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு அருளால் முடியவில்லை. நான் அழ வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். பாதியில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது.

வீட்டை இறக்குவதற்கு கிரேன் கிடைக்க ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்க அருள் முதுகில் வீட்டோடுதான் தொழிலுக்குப் போனார். தொழிற்சாலை வாசல்களில் செக்யூரிட்டிகள், "உள்ள யாரு சார்?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள். பிறகு வெல்டிங் கடையில் புதிய கால்கள் செய்தோம், எங்கள் வண்டியின் தோளைவிட அகலமாக. கட்டைகளை எடுத்துவிட்டு, தட்டையான பலகை ஒன்றை அடித்தோம். மழைக்கு ஒழுகாமலிருக்கக் கூரையில் பட்டி பார்த்தோம். கதவைத் திறந்தோம், மூடினோம், திறந்தோம்.

ஏலகிரிக்குப் போகவில்லை. அந்த வளைவுகளில் வீட்டோடு ஏற எனக்கும் அருளுக்கும் தைரியம் வரவில்லை. வேடந்தாங்கல் போனோம். ஏரிக்குச் சற்றுத் தள்ளி, ஒரு தோப்பில் அனுமதி கேட்டு நிறுத்தினோம். அத்தை தன் குக்கரில் பொங்கல் வைத்தார், தன் தலையணையில் தூங்கினார். விடியற்காலையில் பறவைகள் கிளம்பும் சத்தத்தில் நான் கண்விழித்தபோது, இரண்டு பேரும் அந்தச் சின்ன ஜன்னலுக்கு முன்னால் தலையோடு தலை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பழவேற்காடு, மரக்காணம் என்று போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். லாட்ஜ் என்ற சொல் எங்கள் வீட்டில் ஒழிந்துவிட்டது.

எனக்குத்தான் விமோசனம் இல்லை. தையற்காரரிடம் ஜாக்கெட் கொடுத்தாலும், ஜன்னலுக்குத் திரை வாங்கினாலும், ஏன், இட்லிக்கு அரிசி அளந்தாலும், "கால அளந்தியா?" என்று யாராவது கேட்பார்கள். பள்ளியிலும் பரவிவிட்டது. கனசெவ்வகம் வரைந்துவிட்டுத் திரும்பினால், கடைசி பெஞ்சிலிருந்து, "மிஸ், இதுக்குக் கால் இருக்கா?" என்று ஒரு குரல் வரும். நான் காது கேளாததுபோல மொத்தப்பரப்புக்குப் போய்விடுவேன்.

போன மாதம் பெரிய ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கினோம். இந்தத் தடவை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்று, ஃபிரிட்ஜை அளந்தேன், அதன் கால்களை அளந்தேன், கேட்டை, வாசலை, ஹாலை, சமையலறை மூலையை எல்லாம் அளந்தேன். வந்தது. வாசலில் இடிக்கவில்லை. ஹாலில் திரும்பியது. மூலைக்குள் போய், அளவெடுத்துச் செய்ததுபோல நின்றது. நான் கையைக் கட்டிக்கொண்டு எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தேன். அருள் கூரையைப் பார்த்தார். அத்தை ஜாடி எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

மாமா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கதவு தொறக்குதா பாரும்மா" என்றார்.

திறந்து பார்த்தேன். பக்கத்துச் சுவரில் இடித்து, பாதிதான் திறக்கிறது. முட்டை எடுக்க அது போதும்.